பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்கள்: வைப்பதா, கொடுப்பதா, விட்டுவிடுவதா?

வாவிமகள் | வெள்ளி, இரவு 9.14

மட்டக்களப்பு நகரில் அப்பா 1976 இல் தொடங்கிய ஸ்டூடியோவைத் தை மாதத்துக்குள் காலிசெய்து கொடுக்க வேண்டும். கமெரா, விளக்குகள், மலையும் அருவியும் வரைந்த பின்திரை எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிட்டது. யாரும் கேட்காமல் கிடப்பது மேல்மாடியில் உள்ள பதினொரு தகரப் பெட்டிகள்தான். முழுவதும் நெகட்டிவ்.

பத்துப் பெட்டிகளில் இருப்பது ஸ்டூடியோ வேலை: அடையாள அட்டைப் படம், கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பாடசாலைக் குழுப்படம், செத்தவீடு. பதினோராவது வேறு. அப்பா கொழும்புப் பத்திரிகைகளுக்கும் இடையிடையே படம் அனுப்பியவர். இரவு பஸ் நடத்துநரிடம் கவரைக் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேரும்வரை தூங்க மாட்டார்.

பன்னிரண்டாவது பெட்டி ஒன்றும் இருந்தது. 1990 ஜூனில் சண்டை மறுபடியும் மூண்ட கிழமை அதைக் கிணற்றடியில் கொட்டி எரித்தார். அப்போது எனக்கு ஒன்பது வயது. பிலிம் துணியைப் போல எரியாது. சுருண்டு, உருகி, சொட்டும். ஏன் எரிக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதற்குள் முகங்கள் இருக்கின்றன" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியைப் பற்றி வீட்டில் எவரும் பேசியதில்லை. அப்பா போன வருடம் போய்விட்டார்.

மிஞ்சிய பதினொன்றையும் என்ன செய்வது? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏழாம்கட்டை | வெள்ளி, இரவு 9.52

முதலில் எதையும் செய்யாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் வினாகிரி மணம் அடிக்கிறதா? அடித்தால் பிலிமின் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பெட்டியை மற்றவற்றிலிருந்து உடனே தள்ளி வையுங்கள். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் பிடிக்கும்.

பூஞ்சணம் இருந்தால் தண்ணீரில் கழுவ வேண்டாம். பலர் இந்தத் தப்பைத்தான் செய்கிறார்கள். பூஞ்சணம் தின்ற இடத்தில் படம் இருக்கும் பசைப்படலம் கரையும் நிலைக்கு வந்திருக்கும். தண்ணீர் பட்டால் முகம் கையோடு வந்துவிடும். மங்கலாகத் தெரிவதுதான் படம் உள்ள பக்கம், அதைத் தொடாமல் ஓரத்தில் பிடியுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டாமல் தாள் உறையில் போடுங்கள். இதெல்லாம் மாரி மழை பிடிக்கும் முன் நடக்க வேண்டும்.

கல்லடிப்பாலம் | வெள்ளி, இரவு 10.20

தங்கச்சி, நானும் பதினைந்து வருடம் பத்திரிகைக்குப் படம் எடுத்தவன்தான். உங்கள் அப்பாவின் பதினோராவது பெட்டியைப் பொன்போலக் காப்பாற்றுங்கள். மற்றப் பத்தையும் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. பாஸ்போர்ட் அளவுப் படத்தில் என்ன சரித்திரம் இருக்கிறது? காதுகள் இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒரு நாட்டின் ஞாபகத்தில் நிற்பது செய்திப்படம். தென்னாப்பிரிக்காவில் 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோவில் மாணவர்கள் மேல் சுட்டார்கள். 12 வயது ஹெக்டர் பீட்டர்சனைத் தூக்கிக்கொண்டு ஓடும் இளைஞனை சாம் நஸீமா எடுத்த அந்த ஒரு படம் நிறவெறி ஆட்சி விழும்வரை அதைத் துரத்தியது. பொலிஸ் பறித்துவிடும் என்று பிலிம் சுருளைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் அந்த மனிதர் அதைக் காப்பாற்றினார். ஸ்பெயினில் சர்வாதிகாரி பிராங்கோ இறந்து ஜனநாயகம் தட்டுத்தடுமாறி நடந்த காலம், 1981 பெப்ரவரி 23. லெப்டினன்ட் கேர்ணல் தெஹேரோ துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து மேடையில் ஏறி நிற்கிறார். அந்தப் படத்தை எடுத்த பாரியோபெட்ரோ பிலிமைச் சப்பாத்துக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தார். சதி ஒரே நாளில் சரிந்தது. ஆனால் இன்றைக்கும் ஸ்பானியர்களுக்கு அந்த நாள் என்றால் அந்தப் படம்தான்.

(நாங்கள் செருப்போடு திரிந்த ஆட்கள். எங்களுக்குச் சப்பாத்தும் இல்லை, காலுறையும் இல்லை. அதனால்தான் கிணற்றடி.)

மாரிக்காலம் | வெள்ளி, இரவு 11.35

கல்லடிப்பாலம் தம்பி, உங்களோடு முழுவதும் ஒத்துப்போக முடியவில்லை. சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் காந்திப் பூங்காவுக்கு முன்னால் நிற்கும்போது கையில் பிடித்திருக்கும் படம் எது? எந்தச் செய்தியாளரும் எடுத்த படம் அல்ல. அடையாள அட்டைக்கு எடுத்த, காதுகள் இரண்டும் தெரிகிற, சிரிக்காத அந்தப் படம். அதைப் பெருப்பித்து, லமினேட் செய்து, மழைக்கும் வெயிலுக்கும் தூக்கிப் பிடித்திருக்கிறார்கள். வேறு படம் வீட்டில் இல்லை. ஏழை வீட்டுப் பையன் வாழ்க்கையில் ஒருமுறைதான் கமெராவுக்கு முன் உட்கார்ந்தான். அதுவும் அரசாங்கம் கேட்டதால்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. ஆர்ஜென்டினாவில் இராணுவ ஆட்சி காணாமல் ஆக்கிய பிள்ளைகளுக்காக மாயோ சதுக்கத்துத் தாய்மார் 1977 இலிருந்து சுற்றி நடந்தார்கள். அவர்கள் ஏந்தியதில் பெரும்பகுதி இதே வகைப் படம். குடிமகன் யார் என்று பதிவுசெய்ய அரசு கேட்டு வாங்கிய படம். அந்த மனிதன் இருந்ததே இல்லை என்று அதே அரசு சொன்னபோது, அவனுக்குச் சாட்சி அந்தப் படம்தான்.

விக்டர் பஸ்தெரா என்ற அச்சகத் தொழிலாளியின் கதையும் உண்டு. 1979 இல் கடத்தப்பட்டு, புவனஸ் அயர்ஸில் கடற்படையின் வதைமுகாமாக இருந்த பயிற்சிக் கல்லூரிக் கட்டடத்தில் அடைக்கப்பட்டவர். கைத்தொழில் தெரிந்தவர் என்பதால் அதிகாரிகளுக்குக் கள்ள ஆவணம் செய்ய உட்கார்த்தினார்கள். ஒவ்வொருவருக்கும் நாலு கொப்பி கேட்டார்கள். அவர் ஐந்து அடித்தார். ஐந்தாவதை எங்கே ஒளித்தார் தெரியுமா? கழுவாத போட்டோத் தாள் பெட்டிக்குள். வெளிச்சம் பட்டால் தாள் கெட்டுவிடும் என்பதால் காவலர்கள் அதைத் திறக்கவே மாட்டார்கள். 1985 இல் இராணுவத் தளபதிகள் மீது வழக்கு நடந்தபோது அந்த முகங்கள் நீதிமன்றத்துக்கு வந்தன. அத்தனையும் பாஸ்போர்ட் அளவு, தம்பி.

கல்லடிப்பாலம் | சனி, காலை 6.48

சேர், ஐந்தாவது கொப்பிக்கு என் தலைசாய்ப்பு. இருட்டறையில் வேலைசெய்தவனுக்குத்தான் அந்தத் துணிச்சலின் அளவு தெரியும். ஆனாலும் செய்திப்படத்தின் பக்கம்தான் நான்.

மாரிக்காலம் | சனி, காலை 7.30

அப்படியென்றால் அதே நாட்டின் ஒரு செய்திப்படத்தையே எடுப்போம். 1982 ஒக்டோபர் 5, புவனஸ் அயர்ஸில் தாய்மாரின் ஊர்வலம். தொப்பி போட்ட பொலிஸ் அதிகாரி ஒரு தாயை நெஞ்சோடு அணைத்திருப்பதுபோல மார்செலோ ரனேயா எடுத்த படம் மறுநாள் முதற்பக்கத்தில் வந்தது. உலகம் முழுவதும் போனது, பரிசும் வாங்கியது. ஆட்சி முடியும் நேரம், பொலிசும் தாயும் அழுது சமாதானமாகிவிட்டார்கள் என்று பார்த்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த அதிகாரி ஊர்வலத்தை மறித்தவர்களில் ஒருவர். அந்தத் தாய்க்கு அது அணைப்பே அல்ல. 1976 ஓகஸ்டில் பாத்திமா என்ற இடத்தில் 30 கைதிகளைக் கொன்ற வழக்கில் அதே அதிகாரிக்கு 2008 இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. ஒரு செக்கனில் எடுத்த படம் ஒரு நாட்டுக்கு இருபத்தைந்து வருடம் பொய் சொன்னது.

கல்லடிப்பாலம் | சனி, காலை 7.41

படம் பொய் சொல்லவில்லை சேர். இரண்டு உடம்பு அந்த நிலையில் இருந்தன, அதைத்தான் சொன்னது. கீழே எழுதியவன்தான் பொய் சொன்னான். எங்கள் தொழிலில் இது தினமும் நடக்கும். படம் மட்டக்களப்பில் எடுத்தது, படவிளக்கம் கொழும்பில் மேசையில் இருந்து எழுதியது. நான் அனுப்பிய ஒரு படத்தில் தண்ணீருக்கு வரிசையில் நின்ற சனத்தை "நிவாரணம் பெற்று மகிழும் மக்கள்" என்று ஒரு பத்திரிகை போட்டது. அதில் ஒருத்தர் முகத்திலும் பல் தெரியவில்லை.

அக்கரைப்பற்று_32 | சனி, காலை 8.05

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டுவிட்டால் முடிந்தது. இதற்கு ஏன் இவ்வளவு விவாதம்? 2022 போராட்டத்தில் ஒவ்வொருவரும் ஆயிரம் படம் எடுத்தோம், எல்லாம் தொலைபேசியில் பத்திரமாக இருக்கிறது.

ஏழாம்கட்டை | சனி, காலை 8.11

அந்தத் தொலைபேசி இப்போதும் உங்களிடம் இருக்கிறதா தம்பி?

அக்கரைப்பற்று_32 | சனி, காலை 8.30

இல்லை. சரி, விளங்குகிறது.

காத்தான்குடி_வாசகர் | சனி, பகல் 12.50

லுஹர் தொழுதுவிட்டு வந்து எழுதுகிறேன். நேற்றிரவிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்த இழையில் "நாட்டின் ஞாபகம்", "நமக்கு" என்று இலகுவாக எழுதுகிறீர்கள். எங்கள் ஊரில் 1990 ஓகஸ்ட் 3 இரவு இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கு மேற்பட்ட ஜனாஸாக்கள். சுவரில் குண்டு பட்ட அடையாளங்களைப் பூசி மறைக்காமல் இன்றும் வைத்திருக்கிறோம். அடுத்த காலை எடுத்த படங்களும் உண்டு. எங்கள் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். அடுத்த மாதமே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாக அகதி முகாமிலிருந்து 158 பேரைப் படையினர் ஏற்றிக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை. பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதியின் பிள்ளைகள் அதைக் கேட்டு வளர்ந்தார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வீதிதான். அவர்கள் பார்த்த படத்தை எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது, எங்கள் படத்தை அவர்களுக்குத் தெரியாது.

அதனால் வாவிமகள் தங்கச்சியிடம் கேட்கிறேன். பெட்டிகளை யாரிடம் கொடுத்தாலும், அவர்கள் எந்தப் பக்கத்து முகங்களை வெளியே எடுப்பார்கள், எதை உள்ளேயே வைப்பார்கள் என்று யோசித்தீர்களா?

மாரிக்காலம் | சனி, பகல் 1.25

காத்தான்குடி அண்ணன், எங்கள் காக்கா, சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. கொடுக்கும் இடம் பற்றி ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன்.

அகுஸ்தி செந்தெய்யெஸ் என்ற பார்சலோனாப் படக்காரர், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோற்ற பக்கத்தவர். 1939 இல் நெகட்டிவ்களை ஒரு பெட்டியில் போட்டுத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ் எல்லையைக் கடந்தார். அகதி முகாமிலும் அதை விடவில்லை. நாடு திரும்பும்போது மட்டும் கார்க்காசோன் ஊரில் ஒரு வீட்டில் விட்டுவிட்டு வந்தார். காரணம், வாவிமகள், உங்கள் அப்பா சொன்னதேதான்: அதற்குள் முகங்கள் இருந்தன. பிராங்கோவின் பொலிசுக்கு அது ஆள்பிடிக்கும் பட்டியலாகியிருக்கும். பிராங்கோ இறந்த அடுத்த வருடம், 1976 இல், போய் எடுத்துவந்தார். பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2009 இல் பிள்ளைகள் அந்தச் சேகரிப்பை 7 இலட்சம் யூரோவுக்கு மத்திய அரசின் கலாசார அமைச்சிடம் விற்றார்கள். கத்தலோனிய அரசுக்குக் கோபம். எங்கள் ஊர்ப் படம் மத்திய அரசின் காப்பகம் உள்ள சலமங்காவுக்கு ஏன் போகிறது என்று கேட்டார்கள். முப்பது வருடம் அந்த வீட்டில் சண்டையில்லாமல் கிடந்த பெட்டி, ஜனநாயகத்துக்கு வந்த பிறகுதான் சண்டைக்குள் போனது.

வாவிமகள் | சனி, மாலை 5.40

எல்லோருக்கும் நன்றி. காக்கா கேட்டதை நான் யோசிக்கவில்லை என்பதே உண்மை.

இன்று பகல் அந்தப் பெட்டிகளோடு இருந்தேன். வினாகிரி மணம் மூன்றில் அடிக்கிறது, தள்ளி வைத்துவிட்டேன். அதோடு ஒன்று கண்டுபிடித்தேன். அப்பாவின் பதிவுக் கொப்பிகள். தடித்த மட்டை போட்ட கணக்குக் கொப்பி, ஒவ்வொரு வரியிலும் எண், திகதி, ஊர், என்ன வேலை, எத்தனை பிரேம், எத்தனை கொப்பி அடித்தது என்று சிவப்பு மையில். 1987 கடைசி முதல் 1990 ஜூன் வரையான கொப்பியும் இருக்கிறது. எரிந்த பெட்டியின் கொப்பி அதுதான். பிலிமை எரித்தவர் இதை ஏன் வைத்தார் என்று தெரியவில்லை. அந்தக் கொப்பியில் மட்டும் ஆட்களின் பெயர் எழுதும் நிரலைச் சவர அலகால் மேலிருந்து கீழாக வெட்டி எடுத்திருக்கிறார். ஒவ்வொரு தாளாக, 140 பக்கத்துக்கு.

இப்போது ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: ஆரையம்பதி, செத்தவீடு, 8 பிரேம். நகரம், ஊர்வலம், 14 பிரேம். வாழைச்சேனை, கல்யாணம், 36 பிரேம். முகாம் வாசல், 2 பிரேம். படம் ஒன்றும் இல்லை.

மாரிக்காலம் | சனி, மாலை 6.15

மகள், சிலி நாட்டில் இதே மாதிரிப் பக்கங்களை அச்சடித்தே விற்றிருக்கிறார்கள்.

1984 செப்டெம்பரில் இராணுவ சர்வாதிகாரி பினோச்சேயின் ஆட்சி நாலு எதிர்க்கட்சி ஏடுகளுக்கு ஒரு கட்டளை போட்டது. எழுத்து வரலாம், படம் வரக் கூடாது. எழுத்தை விடப் படத்துக்குப் பயந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 'கௌசே', 'அனாலிசிஸ்' போன்ற ஏடுகள் பக்க அமைப்பை மாற்றவில்லை. படம் வரவேண்டிய இடத்தில் கோடு போட்ட வெள்ளைக் கட்டத்தை விட்டு, கீழே படவிளக்கத்தை மட்டும் போட்டார்கள். வாசகர் விளக்கத்தைப் படித்துவிட்டு வெள்ளைக் கட்டத்தைப் பார்ப்பார். நேற்று அந்தத் தெருவில் நின்றவர் அவர்தானே? கட்டத்தை அவரே நிரப்புவார். இரண்டு மாதத்தில் அந்த ஏடுகளையே தடைசெய்ய வேண்டி வந்தது.

அங்கே படக்காரர்கள் 1981 இலேயே சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். பத்திரிகை அட்டை இல்லாதவனைத் தெருவில் அடித்தால் கேட்க ஆளில்லை என்பதால் தங்களுக்குத் தாங்களே அட்டை அடித்துக்கொண்டார்கள். பினோச்சே தொடரலாமா என்று கேட்ட 1988 ஒக்டோபர் 5 வாக்கெடுப்பில் 'வேண்டாம்' என்பதற்கு 56 வீதம் விழுந்தது. பிறகு அதே படக்காரர்களில் ஒருவர், கிளௌடியோ பேரெஸ், சந்தியாகோவில் ஒரு பாலத்தருகே காணாமல் போனவர்களின் முகங்களை ஓடுகளில் பதித்துச் சுவர் கட்டினார். படம் கிடைக்காதவர்களுக்கு வெறும் ஓடு வைத்திருக்கிறார்.

கல்லடிப்பாலம் | சனி, இரவு 8.02

பெயர் நிரலை மட்டும் வெட்டியிருக்கிறார் என்பதை நாலு தரம் வாசித்தேன். பாஸ்போர்ட் படம் பற்றி நான் எழுதியதை அழிக்க முடியுமென்றால் அழித்திருப்பேன். முடியாது போலிருக்கிறது, இருக்கட்டும்.

காத்தான்குடி_வாசகர் | சனி, இரவு 9.20

தங்கச்சி, உங்கள் அப்பாவின் ஸ்டூடியோ பஸ் நிலையத்திலிருந்து வரும்போது மாடிப்படி வெளியே இருக்கும் கட்டடமா? கதவுக்கு மேலே கமெராப் படம் வரைந்த பலகை?

வாவிமகள் | சனி, இரவு 9.23

ஆம் காக்கா, அதேதான்.

காத்தான்குடி_வாசகர் | சனி, இரவு 9.58

என் வாப்பா 1988 இல் துணிக்கடை திறந்தபோது படம் எடுக்க கல்லடி வழியாகச் சைக்கிளில் வந்தவர் உங்கள் அப்பா. எனக்குப் பன்னிரண்டு வயது, முக்காலியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். அந்தப் படம் எங்கள் வீட்டு விறாந்தையில் இன்னும் தொங்குகிறது. வாப்பா நடுவில், பக்கத்தில் தையற்காரர், அவர் ஆரையம்பதி ஆள், பெயர் இங்கே எழுதவில்லை. இப்போது இறக்கித் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஊதா மையில் ஸ்டூடியோ முத்திரை, கையால் எழுதிய எண்: 2206.

வாவிமகள் | சனி, இரவு 10.31

2206. காத்தான்குடி, கடைத் திறப்பு, 5 பிரேம், கொப்பி 3. எரிந்த பெட்டி.

காக்கா, ஊர்வலங்களும் கடைத் திறப்புகளும் ஒரே பெட்டியில் இருந்திருக்கின்றன. பிரித்தெடுக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. நெகட்டிவைத்தான் எரித்தார். அடித்துக் கொடுத்த கொப்பிகள் எல்லாம் வீடுகளில் இருக்கின்றன. எரிந்த பெட்டிக்குரிய கொப்பியின் வரிகளை எண்ணிப் பார்த்தேன், ஆயிரத்துக்கு மேல் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மூன்று கொப்பி. சுனாமி கொண்டுபோனது போக எத்தனை சுவரில் தொங்குகிறதோ.

மாரிக்காலம் | சனி, இரவு 10.44

எண்ணும் ஊரும் மட்டும் போட்டு அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்யுங்கள், நான் பாதியை எடுத்துக்கொள்கிறேன். இணையத்தில் போட வேண்டாம். பெயர் நிரலை அவர் வெட்டியிருக்கிறார், நாம் ஒட்டக் கூடாது. யார் வீட்டில் படம் இருக்கிறதோ அவர்கள் விரும்பினால் பெயரைச் சொல்லட்டும்.

அக்கரைப்பற்று_32 | சனி, இரவு 10.50

அம்பாறைப் பக்கத்து ஊர்கள் இருந்தால் எனக்கு அனுப்புங்கள் அக்கா. மோட்டார் சைக்கிள் இருக்கிறது.

ஏழாம்கட்டை | சனி, இரவு 11.05

காக்கா, அந்தப் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிவிடாதீர்கள். இவ்வளவு வருடத்துக்குப் பிறகு ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும், இழுத்தால் வாப்பாவின் முகம் கண்ணாடியிலேயே நின்றுவிடும். கண்ணாடிக்கு மேலாகவே, ஜன்னல் பக்கமாகச் சாய்த்து வைத்து எடுக்கலாம். நாளை அஸருக்குப் பிறகு வருகிறேன். விறாந்தை விளக்கை மட்டும் அணைத்து வையுங்கள்.